ஜெர்மனியில் எம்.எஸ்சி.: செலவு எவ்வளவு, பணம் எப்போது, எந்த வழியில்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பி.இ.யோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் பணக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் போடும் நாளின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நம் பிள்ளைகள் ஆசையாக விண்ணப்பிக்கும் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. அதாவது, நான்கு செமஸ்டருக்கு 16 முதல் 24 லட்ச ரூபாய். "மியூனிக் அரசுப் பல்கலைக்கழகம்தானே, ஃபீஸ் இருக்காது" என்று பழைய வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கட்டணமே இல்லாத இடத்திலும் செமஸ்டர் கான்ட்ரிப்யூஷன் என்று ஒன்று உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 350 யூரோ வரை வரும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் இதிலேயே அடக்கம் என்பதால் இதைக் கட்ட யாரும் வருத்தப்படுவதில்லை.

தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை. அங்கே ஆண்டுக் கட்டணமே 10,000 யூரோவைத் தாண்டுவது சகஜம்.

அப்படியானால் மொத்தமாக எவ்வளவு ஆகும்?

கல்விக் கட்டணம் இல்லாத பல்கலைக்கழகம் என்றால் செலவு முழுக்க வாழ்க்கைச் செலவுதான். அதைத் தீர்மானிப்பது வாடகை. கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டெபுர்க் போன்ற கிழக்கு ஜெர்மனி ஊர்களில் மாணவர் விடுதியில் 250–350 யூரோவுக்கு அறை கிடைக்கும். மியூனிக்கில் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு ஒரே ஒரு அறைக்கு 700, 800 யூரோ கொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, போன், துணிமணி எல்லாம் எந்த ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சிறிய ஊரில் மாதம் 800 யூரோவில் காலம் தள்ளலாம். பெரிய ஊரில் 1,100-க்குக் குறைந்தால் திண்டாட்டம். இரண்டு ஆண்டுக்கு 19 லட்சத்திலிருந்து 27 லட்சம் வரை. அதற்குமேல் ஒன்று: பாடத்திட்டத்தில் நான்கு செமஸ்டர் என்று போட்டிருந்தாலும் தீசிஸ், இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்து ஐந்து, ஆறு செமஸ்டரில் வெளியே வருபவர்கள் நிறைய. ஐந்து செமஸ்டருக்குக் கணக்குப் போடுவதுதான் நியாயமான கணக்கு.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறார்கள். கடன் வாங்கிப் போகிறவர்கள் ஊரின் வாடகையையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

விமானம் ஏறும் முன்பே கையில் எவ்வளவு வேண்டும்?

எல்லோரும் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்டுவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வருவதோ இங்கேதான்.

முதலில் சில்லறைச் செலவுகள். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்; அதற்கு 18,000 ரூபாய். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆறு இடத்துக்குப் போட்டால் 225 யூரோ. இவை எல்லாம் மாதக்கணக்கில் பரவி வருவதால் தெரியாது.

அட்மிஷன் கடிதம் வந்த பிறகுதான் அடி விழும். பிளாக்டு அக்கவுண்டில் (ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) 11,904 யூரோ, விசாக் கட்டணம் 75 யூரோ, விமான டிக்கெட் 40,000–60,000 ரூபாய், அங்கே இறங்கியதும் செலவுக்கு 1,500–2,000 யூரோ. எல்லாம் சேர்த்தால் 15 லட்சத்தை நெருங்குகிறது. அதில் 14 லட்சத்துக்கு மேல், அட்மிஷன் கடிதத்துக்கும் பயணத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் வேண்டும். வங்கியோ கடனை அனுமதிக்கவே சில வாரம் எடுக்கும்.

அதனால் சொத்துப் பத்திரங்களை அட்மிஷன் வரும் முன்பே தயார் செய்துவிடுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் கையில் இருந்தால் வங்கி வக்கீலின் லீகல் ஒபினியனும் இன்ஜினியரின் மதிப்பீடும் சீக்கிரம் முடியும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிறது, அத்தை கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் ஜூலை மாதத்தில் தெரிந்தால் அந்த ஆண்டு அக்டோபருக்குப் போக முடியாது.

பிளாக்டு அக்கவுண்ட் என்றால் என்ன? அந்தப் பணம் திரும்ப வருமா?

அது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். ஓராண்டுச் செலவுக்கு உங்களிடம் பணம் இருக்கிறது என்பதற்கான சான்று. ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் வழியாக இந்தியாவிலிருந்தே திறக்கலாம். அங்கே போய் முகவரிப் பதிவு செய்து சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று திறந்ததும், மாதம் 992 யூரோ அந்தக் கணக்குக்கு வரும். அதற்கு மேல் ஒரு சென்ட் கூட எடுக்க முடியாது. கணக்கைத் திறக்கவும் மாதாமாதம் பராமரிக்கவும் சிறு கட்டணம் உண்டு.

இந்தத் தொகை ஏறிக்கொண்டே வருகிறது. 2022-இல் மாதம் 861 யூரோவாக இருந்தது 2023-இல் 934 ஆனது. 2024 செப்டம்பரிலிருந்து 992. மூன்று ஆண்டுக்கு முன்பு போன அண்ணன் சொன்ன கணக்கு உங்களுக்கு உதவாது.

வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் போதாதா?

வேறு சில நாடுகளுக்குப் போதும். ஜெர்மனி விசாவுக்குப் போதாது. பணம் பிளாக்டு அக்கவுண்டில் இருக்க வேண்டும், அல்லது செலவு முழுவதையும் ஏற்கும் உதவித்தொகை வேண்டும், அல்லது ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் உங்கள் செலவைத் தான் ஏற்பதாக அங்குள்ள அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி அந்த ஆளுக்குச் சட்டப்படியான பொறுப்பு. மாமா பையன் அங்கே இருக்கிறான் என்பதற்காகச் சாதாரணமாகக் கேட்டுவிடாதீர்கள்.

இங்கே கடன் வாங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைத் தலைவலி உண்டு. கல்விக் கடன் என்றால் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஃபீஸ் அனுப்பித்தான் கிளைகளுக்குப் பழக்கம். "ஃபீஸே இல்லையா? அப்புறம் எதற்குக் கடன்?" என்று மேலாளர் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பிளாக்டு அக்கவுண்ட் கட்டாயம் என்று தூதரகம் வெளியிட்டிருக்கும் விதியையும், கணக்குத் திறந்ததற்கான கடிதத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். வெளிநாட்டுக் கல்விக் கடனை அடிக்கடி கையாளும் நகரக் கிளைக்குப் போனால் பாதி வேலை குறையும்.

அரசு வங்கியா, தனியார் நிதி நிறுவனமா?

வீட்டில் நல்ல பத்திரம் இருந்தால் அரசு வங்கிதான். நான்கு லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அடமானமில்லாமல் தர முடியும். அதற்கு மேல் சொத்துப் பத்திரமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதத்தை மார்ஜினாக நீங்கள் போட வேண்டும் என்பது பொதுவான விதி. பெண்களுக்குப் பல அரசு வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன.

அடமானமே இல்லாமல், சம்பளம் வாங்கும் அப்பாவின் கையெழுத்தை மட்டும் வைத்துத் தனியார் நிதி நிறுவனங்கள் தருகின்றன. வேகமாகவும் தருகின்றன. வட்டி அதிகம்; படிக்கும் காலத்திலேயே மாதா மாதம் வட்டியின் ஒரு பங்கைக் கட்டச் சொல்வார்கள். அட்மிஷன் கையில் இருந்து நேரமும் இல்லையென்றால் வேறு வழியில்லை. நேரம் இருப்பவர்கள் வேகத்துக்காக அதிக வட்டி கொடுப்பது வீண்.

எங்களிடம் விவசாய நிலம்தான் இருக்கிறது. அதை வைக்கலாமா?

பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். கடன் கட்டாதபோது வங்கி நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊர்ப்புறத்தில் அங்கீகாரம் பெற்ற இரண்டு சென்ட் மனையும் சிறிய வீடும் வைத்திருப்பவரிடம் உட்காரச் சொல்கிறார்கள். மனை என்றால் டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரியப்பாவோ மாமாவோ தம் வீட்டை வைக்கச் சம்மதித்தால் அதையும் பல வங்கிகள் ஏற்கும்; அவர்கள் உத்தரவாதியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

படிக்கும்போது கட்ட வேண்டாம் என்கிறார்களே, வட்டியுமா ஓடாது?

வட்டி ஓடும். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் இ.எம்.ஐ. கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். 12 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் வட்டி. மூன்று ஆண்டு ஒன்றும் கட்டாமல் விட்டால் 3.6 லட்சம் அசலோடு சேர்ந்து 15.6 லட்சம் ஆகிவிடும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 20,600 ரூபாய். அந்தப் பத்தாயிரத்தை வீட்டார் மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தால் பிறகு இ.எம்.ஐ. சுமார் 15,860. முடிந்தவர்கள் வட்டியையாவது கட்டிவிடுவது நல்லது.

கட்டும் வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவு). உச்சவரம்பு இல்லை, எட்டு ஆண்டு வரை கிடைக்கும். ஆனால் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும்தான். அசலுக்கு விலக்கு இல்லை. சித்தப்பாவிடம் கைமாற்றாக வாங்கியதற்கும் கிடையாது.

பணம் அனுப்பும்போது வங்கி வரி பிடிக்கிறதாமே?

டிசிஎஸ் என்று சொல்வார்கள். 2025 ஏப்ரல் முதல் விதி இப்படி: வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்குப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சம் வரை இல்லை. அதற்கு மேல் போகும் பகுதிக்கு மட்டும் உண்டு. 2025–26-இல் கல்விக்கான விகிதம் 5 சதவீதம். பிளாக்டு அக்கவுண்டுக்கு 11.9 லட்சத்தையும் அப்பாவே அனுப்பினால், மேலே உள்ள 1.9 லட்சத்துக்கு 9,500 ரூபாய் பிடித்திருப்பார்கள். அப்பா ஏழு லட்சம், அம்மா ஐந்து லட்சம் என்று அவரவர் பணத்தை அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால் இருவருக்கும் வரம்பு தாண்டாது. விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது; அனுப்பும் ஆண்டில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது போய்விடும் பணம் அல்ல. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம். வருமானமே இல்லாத மாணவரின் பான் எண்ணில் பிடித்திருந்தால் அவர் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுப் பணத்தை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு.

இந்த டிசிஎஸ் தவிர வேறு எங்கே பணம் போகிறது?

உண்மையில் போவது மாற்று விலையில். டிசிஎஸ் பற்றிப் பத்து பேரிடம் கேட்பவர்கள் இதை யாரிடமும் கேட்பதில்லை. சந்தையில் யூரோ 100 ரூபாய் இருக்கும்போது வங்கி உங்களுக்கு 102-க்குத் தந்தால், 11,904 யூரோவுக்கு ஏறத்தாழ 24,000 ரூபாய் அங்கேயே போய்விட்டது. ரசீதில் அது கட்டணமாக வராது. நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டியோ 12 லட்சத்துக்கு ஆயிரத்துச் சொச்ச ரூபாய்தான். இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் "எல்லாம் சேர்த்து இத்தனை யூரோ போய்ச் சேர எவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும்" என்று கேளுங்கள். அந்த ஒற்றை எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். பரிமாற்றக் கட்டணம் எல்லாம் அனுப்புபவர் பக்கம், இடையில் எந்த வங்கியும் பிடிக்கக் கூடாது என்ற முறையில் அனுப்பச் சொல்லுங்கள். 11,904-க்குப் பதில் 11,890 போய்ச் சேர்ந்தால் மறுபடி அனுப்ப வேண்டும்.

பார்ட் டைம் வேலை செய்தே சமாளித்துவிடலாமா?

முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பைசாவும் வராது என்றே கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு வரலாம். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரிடம் செய்யும் உதவியாளர் வேலை, அங்கே 'ஹிவி' என்பார்கள், இந்தக் கணக்கில் சேராது. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ, வாரம் பத்து மணி நேரம் செய்தால் மாதம் சுமார் 600 யூரோ. சிறிய ஊரில் வாடகையும் காப்பீடும் இதில் அடங்கிவிடும்.

ஆனால் சிறிய ஊரில்தான் ஜெர்மன் மொழி இல்லாமல் வேலை கிடைப்பது கஷ்டம். பி1 (இடைநிலை) அளவுக்கு இங்கேயே படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வேறு வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை. மொழி வகுப்புக்குச் செலவழிக்கத் தயங்குபவர்கள், அந்தப் பணம் இரண்டு மாதச் சம்பளத்தில் திரும்பிவிடும் என்பதைப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகை கிடைக்குமா?

டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு மேம்பாடு சார்ந்த சில முதுநிலைப் படிப்புகளுக்குத் தருகிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். 'டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம்' என்ற உதவித்தொகை மாதம் 300 யூரோ. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், அங்கே சேர்ந்த பிறகு பல்கலைக்கழகம் வழியாக.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறார்கள், தகுதிக்குக் குடும்ப வருமானமும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையும் பார்க்கப்படும். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்கு. தகுதி இருப்பவர்கள் வங்கிக்குப் போகும் முன்பு மாவட்ட நல அலுவலகத்துக்குப் போவதுதான் சரி. சிறுபான்மையினருக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' 2022–23-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் பல இணையப் பக்கங்களில் இருப்பது போலவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் மலிவானதை எடுக்கலாமா?

30 வயதுக்குள் என்றால் அரசுமுறைக் காப்பீட்டையே எடுங்கள், மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆனாலும். மலிவான தனியார் காப்பீட்டுக்காக அதிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது.

இறங்கிய முதல் மாதம் 992 யூரோ போதுமா?

போதாது. வீட்டு அட்வான்ஸ் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். (அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு, வீட்டுக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.) முதல் மாத வாடகை, செமஸ்டர் தொகை, காப்பீடு, வசிப்பு அனுமதிக்கு 100 யூரோ என எல்லாம் ஒன்றாக வரும். சில அறைகளில் கட்டில் கூட இருக்காது. அதற்குள் முகவரிப் பதிவு தாமதமானால் பிளாக்டு அக்கவுண்டின் முதல் தொகையும் தாமதமாகும். அதற்காகத்தான் தனியாக 1,500–2,000 யூரோ என்றேன். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) பெரும்பகுதி, கையில் கொஞ்சம் நோட்டு.

வீட்டுக்கு ஒன்றாக மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவியே இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே வீட்டில் நால்வர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

விசா கிடைக்காவிட்டால் பிளாக்டு அக்கவுண்ட் பணம்?

மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கணக்கை மூடித் திரும்ப வாங்கலாம். திறப்புக் கட்டணமும், போகும்போதும் வரும்போதும் நாணய மாற்றில் போனதும் வராது. கடன் பணம் என்றால் இடைப்பட்ட மாதங்களின் வட்டியும் உங்கள் கணக்கில்தான்.

கன்சல்டன்சி இலவசமாகச் செய்து தருகிறார்களே?

மாணவரிடம் வாங்காதவர் வேறு எங்கோ வாங்குகிறார். கமிஷன் தரும் தனியார் கல்லூரிகளைத்தான் அவர்கள் முதலில் காட்டுவார்கள். கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றாவது அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

இரண்டாம் ஆண்டுக்கு மறுபடியும் 11,904 காட்ட வேண்டுமா?

வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். வேலை ஒப்பந்தமும் சில மாதச் சம்பளச் சீட்டும் இருந்தால் பல ஊர் வெளிநாட்டவர் அலுவலகங்கள் அந்த வருமானத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேட்கின்றன. ஊருக்கு ஊர் நடைமுறை மாறும். உங்கள் ஊரில் சீனியர் மாணவர்கள் என்ன காட்டினார்கள் என்று முதல் ஆண்டிலேயே விசாரித்துவிடுங்கள். வங்கியிலும் முதலிலேயே இரண்டு ஆண்டுக்கான தொகையை அனுமதி வாங்கிவிட்டு, ஓராண்டுப் பணத்தை மட்டும் எடுங்கள். எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. தேவைப்பட்டால் இரண்டாம் தவணை கேட்கலாம், வேலை கிடைத்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.